பீர்க்கடைக் கல்

ஏப்ரல் 3, 1989, திங்கள்

காற்று இன்னும் கிழக்கிலிருந்துதான். அடுப்பு இரண்டு தடவை அணைந்தது. மாடி அறைகள் மூன்றையும் திறந்துவிட்டு மெத்தைகளைத் திருப்பிப் போட்டேன். படுக்க யாருமில்லை. ஆனாலும் சன்ட்டர் வீட்டு மெத்தையில் பூஞ்சை என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது.

மத்தியானம் பேத்தி லோர்னா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மாச்சி, நாங்க வாடகைக்கு இருக்கற வீட்டை முதலாளி விக்கிறாராம். லீட்ஸ் பட்டணத்துக்காரங்க வாங்குறாங்க. கோடைக்கு மட்டும் வந்து தங்கறதுக்கு.”

“உங்களை எப்போ போகச் சொல்றார்?”

“மார்ட்டின் திருநாளுக்குள்ள.”

அதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். வேலையாள் மாறுவதும் வீடு மாறுவதும் நவம்பரில், மார்ட்டின் திருநாளில். ஆனால் மாறிப் போக ஒரு வீடு வேண்டுமே. ஊரில் பாதி வீடு கோடைக்காரர்கள் கையில்.

அவள் புருஷன் டெரிக் ஒரு யோசனை வைத்திருக்கிறானாம். மேட்டு வயலில் நிற்கும் நம் கல் கொட்டிலை வீடாக்குவது. கீழே மாடு கட்டிய இடம் சமையலறை, மேலே புல் அடைத்த இடம் படுக்கை, தெற்குச் சுவரில் இரண்டு ஜன்னல். படம் வரைந்து அனுமதிக்கும் போட்டுவிட்டான். பகலெல்லாம் கல்குவாரியில் வேலை, அந்திக்கு மேல் என் நிலத்தில் வேலை, இதற்கு நடுவே எப்போது படம் வரைந்தான்?

“நல்லதுதானே, செய்யுங்க” என்றேன். சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி. எதற்கு நிம்மதி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போகும்போது லோர்னா ஒரு தடவை மாடிப்படியைப் பார்த்தாள். தூசி இருக்கிறதா என்று நானும் பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 12, புதன்

பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் அலுவலகத்திலிருந்து மிஸ் ஹாலம் என்று ஒரு பெண் வந்தாள். சிவப்பு பூட்ஸ், சின்ன வயசு, மரியாதை தெரிந்தவள். வயல் வயலாக நிற்கும் கொட்டில்களை ஒன்று விடாமல் பார்க்கிறாளாம். நானே தடியை ஊன்றிக்கொண்டு மேட்டு வயலுக்கு அழைத்துப் போனேன்.

“ஏன் இவ்வளவு தூரத்துல கட்டினாங்க? பண்ணை வீட்டுக்குப் பக்கத்துலயே ஒண்ணு பெரிசா கட்டியிருக்கலாமே?” என்றாள். தெரிந்துகொண்டே கேட்கிறாளோ என்று பட்டது. இருந்தாலும் சொன்னேன். புல் எங்கே விளைகிறதோ அங்கேயே அடைத்துவிட்டால் சுமக்க வேண்டாம். பனிக்காலத்தில் மாடு தன் காலால் நடந்து வந்து தின்னும். அதன் சாணம் அதே வயலுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நாம் நடந்தால் போதும். எழுதிக்கொண்டே வந்தாள்.

“இந்தக் கொட்டிலுக்கு ஏதாவது பத்திரம் இருக்கா, மிசஸ் சன்ட்டர்?”

“காகிதம் எதுவும் இல்ல. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. எங்க வீட்ல எழுதி வைக்கிற பழக்கமும் இல்ல.”

பரிவாகத் தலையை ஆட்டினாள். அந்தப் பரிவுதான் சுருக்கென்று தைத்தது.

அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம். நிலைக்கு மேலே கிடக்கும் நீளக்கல்லில் T.S. 1687 என்று வெட்டியிருக்கிறது. “இது யாரு?” என்றாள்.

“தாமஸ் சன்ட்டர். என் வீட்டுக்காரரோட முப்பாட்டனுக்கு முப்பாட்டன். தன் கையாலயே செதுக்கினது.”

“அப்போ கொட்டிலும் அந்த வருஷம்தானா?”

“வேற எந்த வருஷம்?”

எவ்வளவு சுலபமாக வந்தது! பாலத்தடியில் இடிந்து கிடந்த பீர்க்கடையின் வாசல் கல் அது. 1936இன் உறைபனியில் எங்கள் நிலைக்கல் விரிசல் விட, என் புருஷன் ஆம்ப்ரோஸும் ஊர்க்கார ஜோப் கோட்ஸும் குதிரையைப் பூட்டி அதைச் சறுக்குக்கட்டையில் இழுத்து வந்தார்கள். T.S. யாரோ பீர் விற்றவன். நான் ஒன்பது வயசில் கோயிலில் எழுந்து நின்று மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள். அவனைப் பிடித்து என் புருஷனுக்குப் பாட்டனாக்கிவிட்டேன்.

ஏப்ரல் 13, வியாழன்

சின்னப் பொய்தான். கல்லுக்கு வலிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஜோப் பிடித்துக்கொண்டான். எழுபத்தொன்பது வயசு, வாய் மட்டும் ஒன்பது வயசு.

“என்ன மகராணி, உங்க முப்பாட்டன் தாமஸ் நேத்து என் கனவுல வந்தாரு. ஒரு பீர் ஊத்துடா ஜோப்னு கேட்டாரு.”

“வாயை மூடு. கோயில் வாசல்ல நிக்கிறோம்.”

“அந்தச் சிவப்பு பூட்ஸ் பொண்ணு என்கிட்டயும் வந்துச்சு. உங்க பரம்பரையைப் பத்தி ஒரே புகழ்ச்சி. நான் மூச்சு விடல. அந்தக் கல்லைத் தூக்கினப்போ என் கால் விரல் நசுங்கிச்சு பாரு, அதைக்கூடச் சொல்லல.”

“ரொம்ப உபகாரம்.”

“உபகாரம் எல்லாம் வேணாம். வர்ற வாரம் ஒரு இஞ்சிக் கேக் போதும்.”

கேக் சுட்டு அனுப்பினால் அது வாயடைக்கக் கொடுத்ததாகிவிடும். அனுப்பாவிட்டால் சொல்லிவிடுவானோ? இந்த வயசில் எனக்கு இது தேவையா?

மே 20, சனி

லோர்னா சனிக்கிழமைதோறும் வந்து என் ஜன்னல்களைத் துடைத்துக் கொடுப்பாள். எட்டு ஜன்னல். இன்று ஐந்தாவதைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“கொட்டிலுக்கு முடியாதுன்னுட்டாங்க.”

“ஏனாம்?”

“பாதுகாக்க வேண்டிய கட்டடமாம். ஜன்னல் வெட்டக் கூடாது, புகைபோக்கி கூடாது. 1687னு பதிவு பண்ணியிருக்காங்க. அது முன்னூறு வருஷக் கொட்டில்னு நீங்க என்கிட்ட ஒரு நாளும் சொல்லலயே அம்மாச்சி?”

தேநீர் ஆறிப்போகிறது என்றேன். அதுதான் என் பதில்.

எட்டு ஜன்னலையும் துடைத்துவிட்டுத்தான் போனாள். ஒன்றிரண்டை விட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் என்னைப்போல.

மே 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். முட்டி வலிக்கத்தான் செய்தது, பிற்பாடு.

டெரிக் அனுமதி கேட்டிருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் எந்த அலுவலகம் என்பதும் தெரியும். பழையது என்று சொன்னால் தொட விடமாட்டார்கள் என்பது— அது தெரியாதா? ஊரில் எத்தனை பேர் புலம்பிக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னேனா? தெரிந்தே சொன்னேனா?

ஆம்ப்ரோஸ் ஐம்பது பனிக்காலம் மாட்டுக்குப் புல் தள்ளிய இடத்தில் துணிக்கொடியும் டி.வி. கம்பியும் நிற்பதை நினைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க முடியாது. ஆனால் அவர்கள் வீடில்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேனா? இல்லவே இல்லை. கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்கு மற்றதும் தெரியும், அதுதான் தொல்லை.

ஜூன் 10, சனி

லோர்னா வரவில்லை. ஜன்னலை நானே துடைத்தேன், கீழே இருப்பதை மட்டும்.

ஜூலை 14, வெள்ளி

மேட்டு வயலில் இன்று புல் அடைத்தோம். மூன்று நாள் வெயில். எல்லோரும் வந்தார்கள், லோர்னாவும். என்ன வருத்தம் இருந்தாலும் காய்ந்த புல்லை வயலில் விட்டுவிட முடியுமா?

டெரிக் கீழிருந்து கவைக்கோலால் தள்ளத் தள்ள, லோர்னா மேல் துவாரத்தில் நின்று வாங்கி உள்ளே பரப்பினாள். அவர்கள் மகள் குட்டி பெத் புல்மேல் குதித்துக் குதித்து மிதித்தாள். அழுத்தி மிதித்தால்தான் இன்னும் ஒரு வண்டி கொள்ளும். நாலு வயசுக்கு அது வேலையா விளையாட்டா!

நான் கூடையில் தேநீரும் கேக்கும் கொண்டுபோனேன். டெரிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாட்டி, டார்லிங்டன்ல ஒரு கிடங்குல ஆள் எடுக்கறாங்க. வீடும் தர்றாங்களாம், மூணாவது மாடியில” என்றான். குறை சொல்வது போலச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவன் அந்தப் பக்கம் போனதும் ஜோப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மூணாவது மாடி! அந்தக் குட்டி அங்க எதை மிதிக்கும்?”

“என்னை ஏன் கேக்கறே?”

“உன் மாமியார் எலினோர் ஞாபகம் வந்துச்சு. நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கு நாற்காலியும் கடிகாரமும் மட்டும் எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனா. அடுப்பைக்கூட அணைக்கல. எரியவிட்டுட்டுப் போனா, நீ வந்து குளிர் காயணும்னு.”

“எனக்கு மருமகளா வந்தா? பெத்தது லோர்னாவோட அம்மா ஒருத்திதான், அவளும் போய்ச் சேர்ந்துட்டா. நான் யாருக்கு விடறது?”

ஜோப் கொட்டிலின் மேல் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே லோர்னா தலையெல்லாம் புல்லோடு நின்று தும்மிக்கொண்டிருந்தாள்.

பிறகு, “கேக்குல இஞ்சி கம்மி மகராணி” என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

ஜூலை 15, சனி

இங்கே யாரும் வீட்டைக் கேட்க மாட்டார்கள். மகனானாலும் கேட்க மாட்டான். பெரியவர்கள்தான் ஒரு நாள் நாற்காலியைத் தூக்க வேண்டும். கேட்டால் அது மூத்தவளைப் பார்த்து நீ எப்போது போவாய் என்று கேட்பது.

அதனால் லோர்னா கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து கேட்கவில்லை.

ஆனால் ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள்— எனக்கு ஒத்துவராது. என் பாத்திரம், என் அலமாரி, முன்னறைப் பீங்கான். போகவும் எனக்கு இடமில்லை. ஊரில் வீடுதான் இல்லையே. நான் சொல்வது நியாயம்தானே?

நியாயம்தான் என்று இங்கே எழுதிப் பார்த்தேன். எழுதினால் இன்னும் மோசமாக இருக்கிறது.

செப்டம்பர் 6, புதன்

மிஸ் ஹாலம் படம் எடுக்க வந்தாள். இன்று சொல்லாவிட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று தெரியும். வாசற்கதவைத் திறக்கும்போதே சொல்லிவிட்டேன்.

“மிஸ் ஹாலம், அந்தக் கல் பொய்.”

“கல் பொய்யா?”

“கல் உண்மைதான். நான்தான் பொய்.”

பீர்க்கடை, விரிசல், குதிரை, ஜோப்பின் கால் விரல், எல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இது தாமஸ் சன்ட்டரைவிட நல்லா இருக்கே!” என்று அப்போதே எழுதிக்கொண்டாள். எனக்குக் காது எரிந்தது.

“அப்போ கொட்டிலை விட்டுடுவீங்களா? என் பேத்தி வீடு கட்டிக்கலாமா?”

அவள் சிரிப்பு நின்றது. “உள்ள வாங்க” என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கொட்டிலுக்குள் என்னை ஒருத்தி கைபிடித்து அழைத்துப் போவதா! டார்ச் விளக்கைச் சுவரில் அடித்தாள்.

“சுவர்ல இந்த இணைப்புக் கோட்டைப் பாருங்க. மேலேர்ந்து கீழே வரைக்கும் நேரா வருது இல்ல? இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் வேற கை. முதல்ல ரெண்டு மாட்டுக்குத்தான் கட்டியிருக்காங்க. அப்புறம் மாடு கூடியிருக்கு. கடைசிச் சுவரை இடிச்சு இன்னும் ரெண்டுக்கு இடம் பண்ணியிருக்காங்க.”

ஐம்பது வருஷத்துக்கு மேல் இதற்குள் போய் வந்திருக்கிறேன். அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை.

பிறகு மாடு கட்டும் தடுப்புகளைத் தடவிக் காட்டினாள். கழுத்து உரசி உரசி மரம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. புல் தள்ளும் சந்து, சாணம் போகும் கால்வாய், எல்லாம் அப்படியே. மற்ற கொட்டில்களில் இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். இதில் மட்டும்தான் யாரும் கைவைக்கவில்லை.

“கல்லை வெச்சு நாங்க முடிவு பண்ணல, மிசஸ் சன்ட்டர். உள்ளே இருக்கறதை வெச்சுத்தான். நீங்க கல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தாலும் இதே பதில்தான். மாடு இன்னும் இங்க வந்துட்டிருந்தா அதைவிடச் சந்தோஷம் கிடையாது. கூரைக்குக்கூட உதவி கிடைக்கும்.”

“அப்போ என் பொய்யால எதுவும் ஆகலயா?”

“பதிவுல வருஷம் தப்பாச்சு. திருத்திடறேன்.”

ஐந்து மாசமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. வயல் கதவு வரைக்கும்தான் அந்த லேசு. அங்கே நின்று கீழே பார்த்தேன். என் வீடு. எட்டு ஜன்னல், இரண்டு புகைபோக்கி, ஒன்றில் மட்டும் புகை. என் பொய் லோர்னாவின் வீட்டைப் பறிக்கவில்லை என்றால் வேறு எது பறித்தது?

கொட்டில் கட்டினவன் மாடு கூடியதும் சுவரை இடித்திருக்கிறான்.

செப்டம்பர் 7, வியாழன்

லோர்னா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பெட்டிகள். பீங்கான்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் கல் கதையைச் சொன்னேன். சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, “வீட்டை எடுத்துக்கோ” என்றேன். எப்படியெல்லாமோ சொல்ல நினைத்து வைத்திருந்தது. இவ்வளவுதான் வந்தது.

“எந்த வீட்டை?”

“என் வீட்டை. உன் வீட்டை. எத்தனை வீடு இருக்கு எனக்கு?”

அவள் கையில் இருந்த கோப்பையை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

“ஏப்ரல்லேர்ந்து காத்துக்கிட்டிருந்தேன் அம்மாச்சி. வர்றப்பெல்லாம் இன்னிக்குச் சொல்வீங்க, இன்னிக்குச் சொல்வீங்கன்னு. எட்டு ஜன்னலைத் தேச்சுக்கிட்டே காத்திருந்தேன். நீங்க மெத்தையைத் திருப்பிப் போட்டீங்க.”

“தெரியும்.”

“தெரியுமா? அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.”

டெரிக் டார்லிங்டனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்றாள். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 10, ஞாயிறு

இருவரும் வந்தார்கள். டெரிக் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். லோர்னாதான் பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சமையலறை யாரோடது?”

இதைத்தான் கேட்பாள் என்று மூன்று நாளாகத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது. ஆனால் கண் அலமாரிப் பக்கம் போனது.

“பேருக்குக் கொடுத்துட்டு, தினம் பின்னாலயே நின்னு உப்பு போதுமான்னு பார்த்தீங்கன்னா நான் டார்லிங்டனுக்கே போறேன். மூணாவது மாடின்னாலும் அடுப்பு என்னோடது.”

“உன்னோடது” என்றேன். “பின்கட்டுல பண்ணையாள் படுத்த அறை இருக்கு. எனக்கு அது போதும். கூப்பிட்டா வருவேன். கூப்பிடலன்னா வரமாட்டேன்.”

“நிஜமாவா?” இதைக் கேட்டது டெரிக். நம்பிக்கையே இல்லாமல் கேட்டான். அதற்கு லோர்னா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

டார்லிங்டனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்களாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

கோயில் விருந்தில் ஜோப் வாயைத் திறப்பதற்கு முன் நானே எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி பீர்க்கடைக் கதையைச் சொல்லிவிட்டேன். சிரித்த சிரிப்பில் தேநீர்க் கெண்டி உருண்டது. ஜோப்புக்குத்தான் வருத்தம். “இத்தனை வருஷம் பொத்தி வெச்சிருந்தேன், இப்படி ஓசியில கொடுத்துட்டியே!” என்றான்.

நவம்பர் 11, சனி, மார்ட்டின் திருநாள்

காலையிலேயே நாற்காலியைப் பின்கட்டுக்கு மாற்றச் சொன்னேன். பிறகு கடிகாரம். முன்னறைப் பீங்கானை விட்டுவிட்டேன். அதை எடுக்கக் கை இரண்டு தடவை போனது.

அடுப்பில் நிலக்கரி நிறையப் போட்டு, காற்றுவழியைப் பாதி மூடி, எரியவிட்டு வந்தேன். எலினோர் எப்படி விட்டாளோ அப்படி. அன்றைக்கு நான் உள்ளே வந்து நன்றிகூடச் சொல்லாமல் குளிர் காய்ந்தேன். அவள் எதைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று இன்றுதான் தெரிகிறது. இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் பத்தடி தூரம். நடந்து முடியவில்லை.

லோர்னா உள்ளே வந்தாள். அடுப்பருகே கையை நீட்டிக் குளிர் காய்ந்தாள். பிறகு பின்கட்டுக் கதவு வரை வந்து, “வெதுவெதுன்னு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 19, செவ்வாய்

இரவெல்லாம் பனி. காலையில் டெரிக் பெத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டு வயலுக்குப் போனான். கொட்டிலில் இப்போது நாலு கிடாரிகள். என் ஜன்னல் சின்னது, ஆனால் அந்தப் பக்கம் பார்த்தது. பீர்க்கடைக் கல்லுக்குக் கீழே கதவு திறந்ததும் மாட்டு மூச்சு ஆவியாக வெளியே வந்தது இங்கிருந்தே தெரிந்தது.

மாடி அறைகளில் ஆள் படுப்பதால் மெத்தையை யாரும் திருப்பிப் போடுவதில்லை. சொல்லலாம் என்று நினைத்தேன்.

இதோ இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லோர்னா அடுப்பில் சாம்பல் தட்டுகிறாள். தப்பாகத் தட்டுகிறாள். இப்படித் தட்டினால் கங்கும் சேர்ந்து விழுந்துவிடும். ஒரு நிமிஷம், கம்பியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று போய்க் காட்டினால் போதும்.

அணைந்துவிட்டது. முணுமுணுக்கிறாள். மறுபடி தீக்குச்சி கிழிக்கிறாள்.

நான் எழவில்லை.